வலஞ்சுழியாக இரண்டு சுற்று

வலப்பக்கம் என்றால் யாருடைய வலப்பக்கம் என்று சென்னியப்பன் வாத்தியாருக்குத் திடீரென்று சந்தேகம் வந்துவிட்டது. அதுவும் போர்ட்டிகோவில் பழைய டியூஷன் பேனரை விரித்து, அதன் மேல் ஒருக்களித்துப் படுத்து, காரின் முன் சக்கரத்தைக் கழற்றிய பொந்துக்குள் தலையையும் ஒரு கையையும் நுழைத்து, எஞ்சினின் பக்கவாட்டில் வட்டமாக இருந்த புல்லியின் நடு போல்ட்டில் ஸ்பேனரை மாட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுக்கப் போகிற நொடியில் வந்தது. மெக்கானிக் சிராஜ் தெளிவாகத்தான் சொல்லியிருந்தான். "புல்லிக்கு நேரா மூஞ்சிய வெச்சுக்கங்க சார், கடியாரத்து முள்ளு போற பக்கம் ரெண்டே ரெண்டு சுத்து, மெதுவா, அப்புறந்தான் சாவியவே தொடோணும்." சொல்லிவிட்டு, "புரிஞ்சுதுங்களா? எங்க, திருப்பிச் சொல்லுங்க பாக்கலாம்" என்று வேறு கேட்டான். பத்தாவதில் கணக்கில் முப்பத்தேழு மார்க் வாங்கியவன். முப்பத்தேழு போட்ட கை இதே கைதான். அதற்குப் பழி வாங்குகிறான் என்றும் சொல்ல முடியாது, அவன் குரலில் அப்படியொரு பொறுமை இருந்தது, அந்தப் பொறுமைதான் வாத்தியாரைக் குத்தியது, இவர் ஒரு நாளும் அவனிடம் அவ்வளவு பொறுமையாக இருந்ததில்லை. சரி, கடிகார முள். கடிகாரத்துக்கு முன்னால் நின்று பார்த்தால் வலஞ்சுழி, கடிகாரத்துக்குப் பின்னால் சுவருக்குள் ஒரு பல்லி இருந்து பார்த்தால் இடஞ்சுழி. இப்போது தான் முன்னால் இருக்கிற மனிதனா, பின்னால் இருக்கிற பல்லியா? படுத்திருக்கிற லட்சணத்தைப் பார்த்தால் பல்லி என்றுதான் தோன்றியது. போதாக்குறைக்கு இருபத்தாறு வருஷமாகப் பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இடஞ்சுழியாகப் போனால் மிகைக் கோணம், வலஞ்சுழியாகப் போனால் குறைக் கோணம் என்று போர்டில் வட்டம் போட்டுப் போட்டு, இடஞ்சுழிதான் நல்ல பிள்ளை என்று அவர் தோளுக்கே பழகிப் போயிருந்தது. எஞ்சின் செய்தவன் கணக்குப் படிக்காதவன் போலிருக்கிறது. மணி ஒன்பதரை. மச்சான் வருகிற ரயில் பன்னிரண்டு பத்துக்கு.

எல்லாம் ஒரு பெல்ட்டுக்காக. எஞ்சினுக்குள்ளே ரப்பரில் பல் வைத்த ஒரு பெல்ட் ஓடுகிறதாம், டைமிங் பெல்ட், சிராஜ் தன் கடையில் பழைய பெல்ட் ஒன்றை எடுத்துப் பாம்பாட்டி மாதிரி ஆட்டிக் காட்டினான். கீழேயிருந்து பிஸ்டன் மேலே வரும்போது மேலேயிருந்து வால்வு கீழே இறங்கியிருக்கக் கூடாது, இரண்டும் ஒரே இடத்துக்கு வேறு வேறு நேரத்தில் வந்து போக வேண்டும், அந்த நேரத்தைப் பிடித்து வைத்திருப்பது பெல்ட்டின் பல். ஒரு பல் தாவினால் எஞ்சின் நடுங்கும், நாலைந்து தாவினால் வால்வும் பிஸ்டனும் முட்டிக்கொள்ளும், எஞ்சின் காலி. வாத்தியாருக்கு உடனே புரிந்தது. ஸ்கூல் டைம்டேபிள்தான். ஒன்பதாம் வகுப்பு பி பிரிவும் தையல் டீச்சரும் ஒரே ரூமுக்கு ஒரே பீரியடில் போய் நின்றால் என்ன ஆகும் என்று அவர் கண்ணால் பார்த்திருக்கிறார். பதினாலு மாசமாக நிற்கிற வண்டியைச் சாவி போட்டு ஒரேயடியாகக் கிளப்பினால், உள்ளே எது ஒட்டிக் கிடக்கிறதோ, எந்த எலி எதைக் கடித்து வைத்திருக்கிறதோ, அந்த வேகத்தில் பெல்ட் பல் பிய்ந்துவிடலாம், ஆகையால் முதலில் கையால் சுற்றிப் பார். பதினாலு மாசம் ஏன் நின்றது? அங்கேதான் அவருடைய நினைப்பு ஒவ்வொரு தடவையும் போய் இடித்துக்கொண்டு திரும்பியது. மச்சான் குழந்தைவேலு, சம்சாரத்தின் அண்ணன், லூதியானாவில் நூல் ஏஜென்சி எடுத்துக் குடும்பத்தோடு போகும்போது, "வாரம் ஒருக்கா கெளப்பி, கால் மணி நேரம் ஓட வுடுங்க மாப்ள, அது போதும்" என்று சாவியைக் கையில் வைத்துவிட்டுப் போனார். மூன்று ஞாயிற்றுக்கிழமை வாத்தியார் கிளப்பினார். நாலாவது ஞாயிறு விடைத்தாள் திருத்தப் போயிருந்தார், அங்கே போன் வந்தது, "கெளப்புனீங்களா மாப்ள?" ஹாலில் நாற்பது பேர் முன்னால் விளக்கம் சொல்ல முடியாமல், "ஆச்சுங் மச்சான்" என்றார். அவ்வளவுதான். ஒரு பொய் சொன்ன வாரத்துக்கு அடுத்த வாரம் வண்டி கிளம்பாமல் போய்விட்டால் என்ன செய்வது என்ற பயத்தில் சாவியைத் தொடவில்லை, தொடாததால் பயம் இரண்டு வாரத்துக்கு ஆனது, அப்புறம் மூன்று, நாலு, இப்படியே ஐம்பத்தேழு ஞாயிறு. நடுவில் ஒரு நாள் மச்சான், "சத்தத்தக் கொஞ்சம் கேக்க வையுங்க மாப்ள" என்றுவிட்டார். போனை எடுத்துக்கொண்டு சமையல்கட்டுக்குள் ஓடி, வெறும் கிரைண்டரைப் போட்டு, அதன் வாயருகே காட்டினார். மச்சான் அரை நிமிஷம் கவனமாகக் கேட்டுவிட்டு, "கரகரன்னு வருதே, ஆயில் மாத்தோணும்" என்றார். மாற்றிவிட்டதாக அடுத்த வாரம் இவர் சொன்னார். அதை நினைத்தால் இந்தப் பொந்துக்குள்ளேயும் காது சூடாகியது.

இழுத்தார். ஒன்றுமே ஆகவில்லை. இன்னும் கொஞ்சம் இழுத்தார். எங்கேயோ உள்ளே கனமான ஒரு பொருள் தூக்கத்தில் புரண்டு படுப்பது மாதிரி அசைந்தது, புல்லியில் சாக்பீஸால் அவர் போட்டு வைத்த வெள்ளைக் கோடு பன்னிரண்டு மணியிலிருந்து ஒரு மணிக்கு வந்தது. அட. ராட்செட் ஸ்பேனர் என்பதால் கையைத் திரும்பக் கொண்டுவரும்போது போல்ட்டைத் திருப்பாமல் கிர்ரென்று மட்டும் போனது. மறுபடி இழுத்தார், ஒன்றரை மணி, இரண்டு மணி. பதினாலு மாசம் கிடந்த எஞ்சின் இவ்வளவு லேசாகச் சுற்றுகிறதே, மச்சான் நல்ல ஆயில்தான் ஊற்றிவிட்டுப் போயிருக்கிறார் என்று அவர் மேல் முதல் முறையாகக் கொஞ்சம் மரியாதை கூட வந்தது. மூன்றரை மணியில் இறுகியது. நிறுத்தினார். இடித்துவிட்டதா? வால்வா? அந்த நேரம் எஞ்சினுக்குள்ளிருந்து உஸ்ஸ்ஸ் என்று ஒரு சத்தம் வந்தது, நீளமாக, நிதானமாக, சர்வீஸ் முடிந்து ரிட்டையர் ஆகிற மனுஷன் விடுகிற பெருமூச்சு மாதிரி. வாத்தியாரின் முதுகெலும்பில் பேனர் வழியாக சிமெண்டுத் தரையின் குளிர் ஏறியது. சிராஜ் இதைச் சொல்லியிருந்தான், உள்ளே காற்று அமுங்கும், உஸ்ஸுன்னு போகும், பயந்துறாதீங்க. சொன்னால் மட்டும் பயப்படாமல் இருக்க முடியுமா? ஊசி போடும்போது எறும்பு கடிக்கிற மாதிரிதான் இருக்கும் என்றுதான் எல்லா நர்ஸும் சொல்கிறார்கள். காற்று போனதும் இறுக்கம் தளர்ந்தது, நாலு மணி, ஐந்து மணி. மணிக்கட்டு கடுத்தது. கையை மாற்றினார். இடது கைக்கு அந்தப் பொந்தில் இடமில்லை, உடம்பைத் திருப்பினார், பாக்கெட்டிலிருந்து பேனா விழுந்தது, பேனாவை எடுத்தார், ஸ்பேனர் கைப்பிடியை மறுபடி கட்டை விரலால் அழுத்திப் பிடித்து, கீழே இழுத்தபோது கிர்ரென்று லேசாக வந்தது, மேலே கொண்டுபோனபோது கனத்தது. கனத்ததா? ஆமாம், கனத்தது. மேலே போகும்போது கனக்கக் கூடாதே என்று மூளைக்குப் படுவதற்குள் கை ஒரு முழு வீச்சு மேலே போய்விட்டது. ராட்செட்டின் தலையில் குண்டுமணி அளவுக்கு ஒரு லீவர் இருக்கும், அதைத் தள்ளினால் ஸ்பேனர் திசை மாறிவிடும். அவருடைய கட்டை விரல் அதைத் தள்ளியிருந்தது. "என்ன ஆனாலும் பின்னால மட்டும் சுத்திராதீங்க சார்" என்று சிராஜ் மூன்று தடவை சொல்லியிருந்தான்.

எவ்வளவு போனது? ஒரு வீச்சு. ஒரு வீச்சு என்றால் எத்தனை டிகிரி? முப்பது, நாற்பது, கையின் நீளத்தை வைத்துப் பார்த்தால் நாற்பத்தைந்து கூட இருக்கும். அதுவும் மிகைக் கோணம், சனியன், வாழ்க்கையில் ஒரு மிகைக் கோணம் இப்படி வந்து வாய்த்ததே. அப்போது டிக்கென்று ஒரு சத்தம் கேட்ட மாதிரி இருந்தது. கேட்டதா? அது பெல்ட் பல் தாவின சத்தமா, தன் தோள்பட்டையா? தோளை மெல்ல ஆட்டிப் பார்த்தார், டிக் என்றது. அப்பாடா. ஆனால் தோள் இப்போது டிக் என்கிறது என்பதற்காக அப்போதும் தோள்தான் சொன்னது என்று எப்படி நிரூபிப்பது? ஒரு மாணவன் இப்படி எழுதியிருந்தால் அவரே சிவப்பு மையில் சுழித்திருப்பார். படுத்தபடியே போன் போட்டார். பல்லடத்தில் மாமா மகள் கல்யாணத்தில் இருந்தான் சிராஜ், அண்டா இழுக்கிற சத்தமும் குழந்தைகள் சத்தமும் கேட்டன. "பின்னால சுத்திப்போட்டேன் சிராஜ்." "எவ்வளவுங் சார்?" "நாற்பது டிகிரி. நாற்பத்தஞ்சுன்னு வெச்சுக்கோ." "டிகிரியெல்லாம் எனக்கு வராதுங்க, கால் சுத்துங்களா, அர சுத்துங்களா?" "காலுக்கும் கம்மி." "செரி, பின்னால போனது எஞ்சினுங்களா, இல்ல போல்ட்டு மட்டுங்களா? போல்ட்டு லூஸ் ஆனாலும் அப்படித்தான் போகும்." "அதெப்படித் தெரியும்?" "கோடு போடச் சொன்னனே, போட்டீங்களா?" "போட்டேன்." "கோடு இப்ப எங்க நிக்குதுன்னு பாருங்க." வாத்தியார் பொந்துக்குள் பார்த்தார். புல்லி சுத்தமாகக் கறுப்பாக இருந்தது. அப்புறம் தன் கையைப் பார்த்தார். "கோடு என் முழங்கையில இருக்குது சிராஜ்" என்றார். சிராஜ் சிரிக்கவில்லை, அதுதான் அவனுடைய பெருந்தன்மை. "பயப்படாதீங்க சார். பின்னால இழுத்தா பெல்ட்டுத் தொவண்டு பல்லு தாவலாம். தாவலாம்னுதான் சொல்றேன், தாவிருச்சுன்னு சொல்லல. போல்ட்ட மொதல்ல இறுக்கிக்கங்க. அப்புறம் முன்னால முழுசா ரெண்டு சுத்து. எங்கியாச்சும் கல்லு மாதிரி நின்னுச்சுன்னா அத்தோட வுட்டுருங்க, நான் வர்றேன். நிக்கலீன்னா தைரியமா கெளப்புங்க." போன் வைத்த பிறகு அந்த 'லாம்' மட்டும் பொந்துக்குள்ளேயே தங்கிவிட்டது. தாவலாம். நிகழ்தகவில் பூச்சியத்துக்கும் ஒன்றுக்கும் நடுவில் எங்கே வேண்டுமானாலும் உட்காரக்கூடிய 'லாம்'. மச்சான் நல்லவர்தான், திட்ட மாட்டார். அதுதான் கொடுமை. "பரவால்லீங்க மாப்ள" என்பார், இருபத்திமூன்று வருஷமாக எல்லாவற்றுக்கும் சொல்கிற அதே "பரவால்லீங்க", கல்யாணத்தில் இவர் மாலையை முறை மாற்றிப் போட்டபோது சொன்னது, சீட்டுக்கட்டை இவர் தப்பாகப் பிரித்தபோது சொன்னது. அந்தப் பரவாயில்லைக்குப் பதில் செருப்பாலேயே ஒன்று வைத்துவிடலாம்.

கேட்டுக்கு வெளியே ஸ்கூட்டர் வந்து நின்றது. கலாமணி, அண்ணன் வருகிறார் என்று கறி வாங்கப் போனவள், வயர்கூடையோடு உள்ளே வந்து, காருக்குப் பக்கத்தில் நீட்டிக்கொண்டிருந்த இரண்டு கால்களைப் பார்த்து, "ஐயோ!" என்று கூடையைக் கீழே போட்டாள். கால்கள் அசைந்ததும் மூச்சு வந்தது. "ஏனுங்க, என்ன கூத்து இது? சக்கரம் எங்க?" வெளியே வந்து உட்கார்ந்தார். முகத்தில் கிரீஸ், நெற்றியில் சாக்பீஸ் தூள், விபூதி பூசியவர் மாதிரி. எதைச் சொல்வது, எங்கேயிருந்து தொடங்குவது? "கலா, நான் வந்து... உங்கண்ணன் வண்டிய நான் வாரா வாரம் கெளப்புல." "தெரியும்." "பதினாலு மாசமா கெளப்புல." "தெரியுமுங்க." "எப்படித் தெரியும்?" "வெறும் கிரைண்டரப் போட்டு அதுக்குப் போனைக் காட்டிட்டு நின்னீங்களே, நான் பின்னால பொடக்காலிக் கதவோரம் நின்னு பாத்துட்டுத்தான் இருந்தேன். எங்கண்ணன் ஆயில் மாத்தச் சொன்னதும் கேட்டுச்சு." வாத்தியார் பேனரைப் பார்த்தார். நூற்றுக்கு நூறு உத்தரவாதம் என்று அதில் அவருடைய படமே சிரித்தது. கலாமணி கூடையை எடுத்து வாசல் திண்டின் மேல் வைத்தாள், சேலைத் தலைப்பைச் சரி செய்தாள், பிறகு சொன்னாள். "அதனால நான் கெளப்பிட்டேன்." "எதை?" "வண்டியத்தான். புதன்கெழம புதன்கெழம, நீங்க ஸ்கூலுக்குப் போனப்பொறகு." கிளப்பி மட்டும் விடவில்லை. சும்மா நின்று உறுமுகிற வண்டியைப் பார்த்தால் பாவமாக இருந்ததாம், டிரைவிங் கிளாஸில் சேர்ந்தாளாம், ஒரு தடவை பெயில், இரண்டாம் தடவை பாஸ், கார்த்திகையில் லைசென்ஸ் வந்ததாம். "தெருவே பாத்துச்சு, நீங்கதான் பாக்குல. போன புதன்கெழம கூட பெருமாநல்லூர் பைபாஸ் வரைக்கும் போயி ஒரு டீ குடிச்சுட்டு வந்தேன்." டீயா? அவருக்கு மற்றதெல்லாம் எங்கேயோ பின்னால் போய், அந்த டீ வந்து முன்னால் நின்றது. வீட்டில் அவர் கேட்கும் நேரத்துக்கெல்லாம் டீ வைக்கிறவள். பைபாஸில், லாரிகள் போகிற பக்கம், கார் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, யாரோ போட்டுக் கொடுத்த டீயை ஒற்றை ஆளாக நின்று குடிக்கிறாள். சர்க்கரை போட்டா, போடாமலா? இஞ்சி டீயா? இருபத்திமூன்று வருஷத்தில் அவளுக்கு வெளி டீ பிடிக்கும் என்பதே தெரியாது. "ஏன் என்கிட்டச் சொல்லல?" "சொன்னா பயந்துக்குவீங்க" என்றாள், மழை வரும் என்பதைப் போல, அதில் குற்றச்சாட்டே இல்லை.

அப்புறம்தான் அவருக்கு உறைத்தது. அப்படியானால் வண்டி நன்றாக இருந்திருக்கிறது. போன புதன்கிழமை வரைக்கும் எலி கடிக்காமல், ஒட்டாமல், பல் தாவாமல், டீ குடிக்கப் போய் வந்துகொண்டு ஜம்மென்று இருந்திருக்கிறது. இந்தப் பதினாலு மாசத்தில் அதற்கு வந்த ஒரே ஆபத்து இன்றைக்குக் காலை ஒன்பதரை மணிக்கு வந்தது, அதன் பெயர் சென்னியப்பன். பெல்ட்டைக் காப்பாற்றுகிறேன் என்று படுத்து, காப்பாற்றத் தேவையில்லாத பெல்ட்டைப் பின்னால் இழுத்து வைத்திருக்கிறேன். "கலா, நான் அதைப் பின்னால சுத்திப்போட்டேன்" என்றபோது அவர் குரல் சிறு பையன் குரலாக இருந்தது. டைம்டேபிளையும் தையல் டீச்சரையும் வைத்து விளக்கினார். அவள் பாதியில் புரிந்துகொண்டு, "செரி, இப்ப என்ன செய்யோணும்?" என்றாள். "முன்னால ரெண்டு சுத்து. எங்கியாச்சும் நின்னா போச்சு." கலாமணி உள்ளே போய் டார்ச்சோடு வந்தாள், பேனரின் ஓரத்தில் முழங்காலிட்டாள், பொந்துக்குள் வெளிச்சம் பிடித்தாள். லீவரை இந்தப் பக்கம் தள்ளி, அவள் ஒரு தடவை, இவர் ஒரு தடவை சரிபார்த்தார்கள். போல்ட்டை இறுக்கப் போனால் அது தனியாகத் திரும்பவே இல்லை, புல்லியும் கூடவே நகர்ந்தது, அப்படியென்றால் பின்னால் போனது எஞ்சினேதான். புதுக் கோடு போட்டாள், சாக்பீஸ் உடைந்தது, பாதியால் போட்டாள். இழுத்தார். "ஒரு மணி" என்றாள். "ரெண்டு. ரெண்டர." மூன்றரையில் இறுகியது. அவர் கை நின்றுவிட்டது. "இழுங்க." "கல்லு மாதிரி இருக்குது." "இல்லீங்க, மாவு மாதிரிதான் அமுங்குது, கோடு நகருது, நான் பாத்துட்டுத்தானே இருக்கறேன், இழுங்க." உஸ்ஸ்ஸ். நாலு. ஐந்து. எட்டு. பன்னிரண்டு மணிக்குக் கோடு வந்தது, இன்னொரு சுற்று பாக்கி இருந்தது. இரண்டாவது சுற்றில் ஒன்பது மணி வந்தபோது அவர் கையைப் பிடித்து நிறுத்தி, வியர்வையைத் தன் தலைப்பால் அவளே துடைத்துவிட்டாள், கண்ணில் இறங்குகிறது என்று. அதற்கப்புறம் பத்து, பதினொன்று, பன்னிரண்டு. எங்கேயும் நிற்கவில்லை. இருந்தாலும் ஒரு பல் மட்டும் தாவியிருந்தால் இப்படிக் கையால் சுற்றும்போது தெரியுமா என்ற கேள்வி அவருக்குள் எழுந்தது. அதை வாய்விட்டுக் கேட்காமல் சக்கரத்தை உருட்டிக்கொண்டு வந்தார்.

சக்கரம் மாட்டி, ஜாக்கியை இறக்கி, கறியை ஃபிரிட்ஜில் வைத்து, முகம் கழுவி முடிக்கும்போது பதினொன்றே கால். சாவியைக் கையில் வைத்துக்கொண்டு டிரைவர் பக்கக் கதவருகே நின்றார். கலாமணியும் நின்றாள். அவள் கை நீட்டவில்லை, சும்மா நின்றாள். அவர் சாவியைக் கொடுத்துவிட்டுச் சுற்றிப் போய் அடுத்த சீட்டில் உட்கார்ந்தார், உட்கார்ந்ததும் பெல்ட்டைப் போட்டார், அப்புறம் இரண்டு காதையும் கையால் பொத்திக்கொண்டார். அவள் சீட்டை ஒரு விரற்கடை முன்னால் இழுத்தாள், கண்ணாடியைத் திருப்பினாள், கியரை ஆட்டிப் பார்த்தாள், எல்லாவற்றையும் செய்து முடித்த கையோடு சாவியைத் திருப்பினாள். வண்டி இருமவில்லை, நடுங்கவில்லை, பொத்தின கைக்குள்ளே ஒரு நல்ல சீரான சத்தம் வந்தது. அவர் கையை எடுத்துக் கேட்டார். கரகரப்பே இல்லை. கேட்டைத் தாண்டி ரிவர்ஸில் அவள் எடுத்த வளைவில் திருத்த ஒரு பிழை கூட இல்லை. அங்கேரிபாளையம் ரோட்டில் ஏறியதும் போன் அடித்தது. மச்சான். ரயில் ஈரோட்டைத் தாண்டிவிட்டதாம். "மாப்ள, இன்னைக்கு வண்டிய ஒருக்கா கெளப்பிப் பாத்துட்டீங்களா?" ஐம்பத்தேழு தடவை வாயில் தானாக வந்த பதில் இப்போதும் நாக்கு நுனியில் தயாராக நின்றது. "இல்லீங் மச்சான்" என்றார் சென்னியப்பன். "நான் மூணு வாரத்தோட நிறுத்திட்டனுங்க. அதுக்கப்புறம் கெளப்புனதெல்லாம் கலாதான். இப்பவும் அவதான் ஓட்டிட்டு வர்றா, நான் பக்கத்துல உக்காந்திருக்கறேன்." பரவாயில்லை என்று இப்போது வரும், இப்போது வரும் என்று காத்திருந்தார். வரவில்லை. "கலாவா?" என்றார் குழந்தைவேலு, ஒரு மாதிரியான குரலில். "அவகிட்டக் குடுங்க போனை." வாத்தியார் திரும்பிப் பார்த்தார். அவள் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்து, உதட்டைக் கடித்துக்கொண்டு, முன்னால் போகிற மினி பஸ்ஸின் பின்புறத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "வண்டி ஓட்டிட்டு இருக்கறப்ப குடுக்க முடியாதுங் மச்சான்" என்று சொல்லிவிட்டு, கல்யாணமான நாளிலிருந்து முதல் தடவையாக, மச்சான் வைப்பதற்கு முன்னால் தானே போனை வைத்தார். மார்க்கெட் சந்தில் எதிரே ஒரு லோடு வேன் வந்து நின்றது. "உங்க பக்கத்துக் கண்ணாடிய மடக்குங்க" என்றாள் கலாமணி, கண்ணை எடுக்காமல். அவர் ஜன்னலுக்கு வெளியே கையை விட்டு மடக்கினார்.